சங்கிலி பிடித்தவரும் ஏடு எழுதியவரும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். பாளையக்காரர் போர்களையும் மன்னர் பரம்பரைகளையும் எழுதுவார் பலர் உளர். குளத்தூர் வட்டாரத்துப் பிள்ளைகளின் வாழ்வுக்குத் துணைநிற்கும் வரலாறு ஒன்றைச் சொல்வதே ஆசிரியர் தொழிலுக்குத் தக்கது எனக் கருதினோம். ஆகவே, நில அளவையும் கட்டட வேலையும் தொழிற்பயிற்சியின் வழியே கற்கப்பட்டுவந்த வரலாற்றையும், அதில் நம் மக்கள் நின்ற இடத்தையும் இங்கே எடுத்துரைக்கின்றோம்.

எல்லை அறிந்தவர்கள்

நம் முன்னோர் நிலத்தின் அளவு அறியாதவர் அல்லர். எந்த மடையை எவ்வளவு நேரம் திறந்தால் எந்த வயல் நிறையும் என்பதை அறிந்த நீர்பாய்ச்சிகள் நம்மவர். மேடு எது, பள்ளம் எது, வாட்டம் எப்பக்கம் என்பதைக் கருவி ஏதுமின்றிக் கண்ணாலேயே கண்டுரைத்தவர் அவர்கள். இரண்டு ஊர்களுக்கிடையே எல்லை வழக்கு எழுந்தால், ஊர்த் தோட்டியை அழைத்துத் தலையில் நீர்க்குடம் ஏற்றி நடக்கவைத்து, அவர் நடந்த வழியையே எல்லையாகக் கொள்ளும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. ஆங்கிலேய அதிகாரிகளும் இதனை வியந்து குறித்துள்ளனர்.

தீண்டத்தகாதவர் என்று ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் காலடியே ஊருக்கு எல்லையாயிற்று என்பதை எண்ணிப்பாருங்கள். ஆயின் அவ்வறிவு ஏட்டில் ஏறவில்லை. அறிந்தவருக்கு எழுத்து மறுக்கப்பட்டது, எழுதியவர் பிறர். ஏட்டில் ஏறாத அறிவு வழக்குமன்றத்தில் சான்றாகாது. நம் மக்கள் நிலம் இழந்த கதையின் வேர்களுள் இதுவும் ஒன்று.

எட்டுச் சிறுவர்

கிழக்கிந்தியக் கும்பினி தமிழகத்தைத் தன் ஆட்சியில் கொண்டுவந்தபோது, நிலவரி வாங்கவும் ஏரி குளங்களைப் பழுதுபார்க்கவும் நில அளவையர் பலர் தேவைப்பட்டனர். சீமையிலிருந்து ஆட்களை வரவழைப்பது பெருஞ்செலவு. அப்போது சென்னையில் வானியல் ஆய்வாளராக இருந்த மைக்கேல் டாப்பிங் என்பார் ஒரு வழி கூறினார். அவர் கூறியபடி 1794ஆம் ஆண்டு மே மாதத்தில், எட்டு மாணவருடன் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கப்பெற்றது. தொடக்கக் கால மாணவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். ஐரோப்பியத் தந்தையருக்கும் இந்தியத் தாயருக்கும் பிறந்து, அனாதை விடுதியில் வளர்ந்த சிறுவர்கள்.

அவர்களுக்கு வடிவக்கணிதமும், கருவிகளைக் கையாளும் முறையும், படம் வரைதலும் கற்பிக்கப்பட்டன. அதன்பின் தேர்ந்த அளவையரிடம் பயிற்சியாளராக அனுப்பப்பட்டுக் காட்டிலும் மேட்டிலும் நடந்து தொழில் கற்றனர். கர்னல் காலின் மெக்கன்சி மைசூர்ச் சீமையை அளந்தபோது அவருக்குத் துணைநின்றோருள் இப்பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். அந்தச் சிறு பள்ளியே 1858-59ஆம் ஆண்டுகளில் கட்டடப் பொறியியல் பள்ளியாகவும் கல்லூரியாகவும் வளர்ந்து, 1920ஆம் ஆண்டில் கிண்டிக்கு இடம்பெயர்ந்து, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமான கிண்டிப் பொறியியல் கல்லூரியாக நிற்கின்றது. தென்னாட்டின் புகழ்பெற்ற பொறியியல் கல்லூரிக்கு வித்து, அனாதை விடுதியில் வளர்ந்த எட்டுப் பிள்ளைகளின் தொழிற்பயிற்சி என்பதை நம் இளைஞர் மறத்தலாகாது.

பெருங்கருவியைச் சுமந்தவர்கள்

1802ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி, பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை, நூறு அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கே தொடங்கிற்று. ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால், முக்கோணத்தின் ஏனைய பக்கங்களைக் கணக்கால் காணலாம். நம் பள்ளியில் உயர்வகுப்பு மாணவர் கற்கும் இந்த ஒரு கணக்கைக் கொண்டே, முக்கோணத்துக்குமேல் முக்கோணமாக நாடு முழுவதும் அளக்கப்பட்டது.

லாம்டனின் பெரிய கோணமானி அரை டன் எடையுள்ளது. அதனைக் குன்றுகளின்மீதும் கோபுரங்களின்மீதும் ஏற்றியவர் கூலியாட்கள். அவர்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கருவி பழுதுற்றது என்பதை நூல்கள் கூறும். கயிற்றைப் பிடித்திருந்த கைகள் யாருடையவை என்பதைக் கூறா.

பெயர் நிலைத்த ஒருவரையும் சொல்ல வேண்டும். ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மொகசின் உசேன் என்பார் சென்னையில் நகைக் கடையொன்றில் பணிபுரிந்தவர். பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். தம் கைத்திறத்தால் அளவைத் துறையில் சேர்ந்து, நுண்கருவிகளைச் செப்பனிடக் கற்று, அத்துறையின் கணிதக் கருவி வல்லுநர் பதவிக்கே உயர்ந்தார். வாய்ப்புக் கிடைத்த கை எவ்வளவு உயரும் என்பதற்கு அவர் சான்று.

திறவாத கதவும் திறந்த கதவும்

அனாதைப் பிள்ளைகளுக்குத் திறந்த அக்கதவு நம் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. ஊர்ப் பள்ளியின் திண்ணையிலேயே இடமில்லாதவர் கணிதக் கருவியைத் தொடுவது எங்ஙனம்? செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்கீர் 1891ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்டோரின் நிலைமையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன்பேரில் 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த 1010ஆம் எண் அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. நிலம் கிடைத்தது. ஆயின் அதன் எல்லையைப் படத்தில் படித்துக் காக்கும் கல்வி உடன் கிடைக்கவில்லை. அந்நிலங்கள் பல பிறர் கைக்குச் சென்றன. மீட்கக் கேட்டு 1994ஆம் ஆண்டு அக்டோபரில் செங்கற்பட்டை அடுத்த காரணையில் எழுந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிரீந்தனர்.

தொழிற்கல்வியின் கதவை முதலில் வலுவாகத் தட்டியவர் அண்ணல் அம்பேத்கர். 1942ஆம் ஆண்டில் அரசப் பிரதிநிதியின் ஆட்சிக்குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்ற அவர், அவ்வாண்டு அக்டோபர் 29ஆம் நாள் லின்லித்கோ பிரபுவிடம் பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கும் விண்ணப்பத்தை அளித்தார். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கு உதவித்தொகை வேண்டும் என்றதோடு, அரசு அச்சகங்களிலும் இரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழிற்பயிற்சியாளராகச் சேர்க்க வேண்டும் என்றும் அதில் கேட்டார். மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தக்காரர் 1,171 பேரில் பட்டியல் சாதியினர் ஒரே ஒருவர் என்பதையும் அவ்விண்ணப்பம் எடுத்துக்காட்டிற்று. மண் சுமந்தவர் எண்ணற்றோர். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் ஒருவர்! அண்ணல் சட்டம் படித்தவர் என்பது யாவர்க்கும் தெரியும். பட்டறையிலும் நமக்கு இடம் கேட்டவர் என்பது பலருக்குத் தெரியாது.

விடுதலைக்குப்பின் 1961ஆம் ஆண்டில் தொழிற்பயிற்சியாளர் சட்டம் இயற்றப்பட்டது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு பெரிய மாறுதல்களைச் செய்தது. பொறியியல் பட்டமும் பட்டயமும் பெற்றவர்க்கும் உயர்நிலைப் பயிற்சிக்கு வழி வகுத்தது ஒன்று. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சியிடங்களை ஒதுக்கும் பிரிவைச் சேர்த்தது மற்றொன்று. அண்ணல் 1942இல் கேட்டதற்குச் சட்டத்தின் விடை வர முப்பத்தோராண்டுகள் ஆயின.

முப்பத்தொன்றரை சென்ட்

இவ்விடத்தில் நம் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்லுதல் பொருந்தும். நம் தந்தையார் எழுத்தறியாதவர். நாம் சிறுவயதினராய் இருந்தபோது நடந்த ஒரு நில அளவையில், அவர் நாட்கூலிக்குச் சங்கிலி பிடித்தார், கல் சுமந்தார். நம் பாட்டனார் வாங்கிய கரிசல் துண்டும் அன்று அளக்கப்பட்டது. சங்கிலியின் ஒரு முனையைத் தந்தையாரே பிடித்திருந்தார். எண்ணை எழுதியவர் வேறொருவர். பின்னர் வந்த பட்டாவில் 28 சென்ட் என்று இருந்தது. "குறைகிறதே" என்று தந்தையார் ஆயுள் முழுதும் சொல்லிவந்தார். கேட்பார் இல்லை.

நாம் கல்வியியல் பட்டம் பயின்ற காலத்தில் அந்நிலத்தின் புலப்பட நகலைப் பெற்றோம். நிலத்தின் குறுக்கே ஓடும் கோடு 300 கண்ணி. அதன் இருபுறமும் மூலைகளுக்குச் செங்குத்தளவு 100 கண்ணியும் 110 கண்ணியும். இரண்டு முக்கோணங்களின் பரப்பையும் கூட்டினால் 31,500 சதுரக் கண்ணி. நூறு கண்ணி கொண்டது ஒரு சங்கிலி; அது 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆகவே ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். நிலம் முப்பத்தொன்றரை சென்ட்!

எட்டாம் வகுப்புக் கணக்கு இது. படத்தில் அளவு சரியாகவே இருந்தது. பரப்பை ஏட்டில் ஏற்றியபோதுதான் குறைந்தது. தவறோ, வேண்டுமென்றே செய்ததோ, நாம் அறியோம். விண்ணப்பித்து, ஏழாண்டுகள் அலைந்து, மறு அளவை பெற்றுத் திருத்தினோம். அதைக் காணத் தந்தையார் இல்லை. இழந்திருந்த மூன்றரை சென்டைவிட, "நீ சொன்னது சரிதான் ஐயா" என்று அவரிடம் சொல்ல முடியாமற் போனதே நம்மை இன்றும் வருத்துகின்றது.

கரிசல் மண் கற்பிக்கும் பாடம்

நில அளவையோடு கட்டடத் தொழிலையும் சேர்த்துக் கற்க நம் வட்டாரமே ஒரு பள்ளிக்கூடம். கரிசல் மண் மழையில் ஊறிப் பொருமும். கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். அதில் நட்ட எல்லைக்கல் சாயும், ஆழமின்றிப் போட்ட அடித்தளம் அசையும், சுவர் விரியும். நம் சங்கக் கட்டடத்தின் கீழைச்சுவரில் விரிசல் கண்டபோது கொத்தனார் மூவர் மூன்று காரணம் கூறினர். விடை கூறியவள் நம் பள்ளியின் பழைய மாணவி. சித்தாள் வேலை செய்யும் தாயின் மகள்; கட்டடப் பொறியியலில் பட்டயம் பெற்று, ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஓராண்டுப் பயிற்சி முடித்தவள். "ஐயா, சுவரில் குறையில்லை. ஈரம் ஏறி இறங்கும் ஆழத்துக்கு மேலேயே அடித்தளம் நிற்கிறது" என்றாள். அடிப்பகுதி குமிழாய் அகன்ற குத்துத்தூண்களை, மண் அசையாத ஆழம்வரை இறக்கிக் கட்டும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்கென்றே வளர்த்துள்ளது என்றும் படம் வரைந்து விளக்கினாள். தாய் சட்டி சுமந்த தொழிலில் மகள் மதிப்பீடு எழுதுகிறாள். சங்கம் கண்ட பயன்களுள் இதனினும் பெரிது எது?

இன்றுள்ள வழிகள்

பத்தாம் வகுப்புத் தேறியவர் தொழிற்பயிற்சி நிலையங்களில் நில அளவையர், கட்டடப் பட வரைவாளர் ஆகிய ஈராண்டுப் பிரிவுகளில் சேரலாம். தூத்துக்குடியிலுள்ள அரசு பல்தொழில்நுட்பக் கல்லூரி போன்றவற்றில் பட்டயம் பெறலாம். பட்டம், பட்டயம் முடித்தோருக்குச் சென்னையிலுள்ள தென்மண்டலத் தொழிற்பயிற்சி வாரியத்தின் வழியாக உதவித்தொகையுடன் பயிற்சி உண்டு. முப்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் பயிற்சியாளரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்பது 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதி. பட்டப்படிப்பின் உள்ளேயே தொழிற்பயிற்சியை இணைக்கும் நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2020ஆம் ஆண்டில் வெளியிட்டது. இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு முதல், ஊதியம் பெற்று வேலை செய்துகொண்டே பட்டமும் பெறும் தொழிற்பயிற்சி நடைபெறுகின்றது. நில, கட்டட அளவையரும் அவ்வழியே உருவாகின்றனர். 1794இல் சென்னையில் எட்டுச் சிறுவர் சென்ற பாதையும் ஏறத்தாழ இதுவே.

பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை சிறிது; வேலை பெரிது. வெயிலில் நிற்க வேண்டும். சில இடங்களில் பயிற்சியாளரை எடுபிடி வேலைக்கே வைத்திருப்பதும் உண்டு. அத்தகைய இடத்திலும் கருவியைத் தொடக் கேளுங்கள். படத்தைப் படிக்கக் கேளுங்கள். அளவு எழுதும் ஏட்டைக் கையில் கேளுங்கள். கேட்பது பிழையன்று, சட்டம் தந்த உரிமை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "படித்தும் மண்வேலைதானா?" என்று பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். மண்வேலை நம்மைத் தாழ்த்தவில்லை. ஏடு நம் கையில் இல்லாமையே நம்மைத் தாழ்த்திற்று. இளைஞர்காள்! இம்மலரை மூடிவைத்தபின் வீட்டுப் பெட்டியிலுள்ள பட்டாவை எடுங்கள். புலப்பட நகலைப் பெறுங்கள். முக்கோணங்களைக் கூட்டிப்பாருங்கள். கணக்குப் புரியவில்லையெனில், ஞாயிறுதோறும் மாலையில் சங்கக் கட்டடத்திற்கு வாருங்கள். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் அங்கே உள்ளன, நாமும் இருப்போம்.

வாழ்க நம் கல்விச் சங்கம்! வளர்க நம் இளைஞர்!