வெயிலும் எலும்பும்: வலிக்காரர்களுக்கு ஒரு சரித்திரப் பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. மூட்டுவலி, இடுப்புவலி என்று வருஷக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

"வைட்டமின் டி பவுடர் 60,000 யூனிட், வாரா வாரம் பாலில் கலந்து குடித்தால் வலி போகும், தள்ளாட்டம் நிற்கும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நான் டாக்டர் இல்லை, சரித்திர வாத்தியார். எனக்குத் தெரிந்த சரித்திரத்தைச் சொல்கிறேன்.

1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், எலும்பு வளைந்த குழந்தைகளைப் புறஊதா விளக்கொளியில் படுக்கவைத்துக் குணப்படுத்தினார். 1922-இல் அமெரிக்காவில் மெக்காலம், மீன் எண்ணெயில் இருந்த வைட்டமின் ஏ-யை அழித்த பிறகும் அது எலும்பு நோயைத் தீர்ப்பதைக் கண்டார். ஏ, பி, சி-க்கு அடுத்து வந்ததால் 'டி'.

அதே 1922-இல் நம் நாட்டு நாசிக்கிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஹட்சிசன், ஷா. எலும்பு நோய் யாருக்கு வந்தது தெரியுமா? நன்றாகச் சாப்பிட்டும் திரைக்குள் அடைபட்டுக் கிடந்த வசதியான வீட்டுக் குழந்தைகளுக்கு! அரைவயிற்றுக் கஞ்சியோடு வெளியில் கிடந்த ஏழைப் பிள்ளைகள் தப்பித்தார்கள். சில வருஷம் கழித்து, காங்ரா பள்ளத்தாக்குப் பெண்களிடம் எலும்பு மெலியும் நோயை டாக்டர் டாக்மர் வில்சன் ஆராய்ந்தார். அந்த நோய் முற்றினால் இடுப்பிலும் காலிலும் ஓயாத வலி, தொடைத் தசையில் பலவீனம், வாத்து மாதிரி ஆடி ஆடி நடை. வலிக்கும் தள்ளாட்டத்துக்கும் உள்ள உறவு அப்போதே தெரிந்ததுதான்.

நம் பக்கம் வெயிலுக்கா பஞ்சம் என்பீர்கள். திருப்பதி மருத்துவர் ஹரிநாராயண் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சுற்றுக் கிராமத்துப் பெண்களில் 70 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறைவு. பிற்பாடு அவர்களே கண்டது: நம் பகுதி வெயிலில் தோல் இந்தச் சத்தைத் தயாரிப்பது காலை 11 முதல் 2 மணி வரைதான். விடியற்காலையில் சால்வை போர்த்திக்கொண்டு பக்தஜனேஸ்வரர் கோயிலைச் சுற்றினால் புண்ணியம் உண்டு, வைட்டமின் சொற்பம்.

2003-இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸில், காரணம் தெரியாத நாள்பட்ட உடல்வலிக்காரர்கள் 150 பேரைச் சோதித்ததில் 93 சதவீதத்தினருக்குக் குறைவு. இங்கேதான் கவனிக்க வேண்டும். குறைவினால் வலியா, வலியால் வீட்டிலேயே முடங்கியதால் குறைவா? அந்த எண் இதற்குப் பதில் சொல்லாது. பாடத்தில் 'காரணமும் விளைவும்' என்று கரடியாய்க் கத்தினேனே, அதுதான்.

தள்ளாட்டக் கதை இன்னும் சுவாரஸ்யம். 2000-இல் ஜெர்மனியில் 148 மூதாட்டிகளிடம் செய்த சோதனையில், வெறும் கால்சியம் சாப்பிட்டவர்களைவிட அதோடு வைட்டமின் டி-யும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு உடல் ஆட்டம் எட்டே வாரத்தில் குறைந்தது. கொஞ்சம் நல்லதென்றால் நிறைய ரொம்ப நல்லது என்று ஆஸ்திரேலியாவில் வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் முடிவு வந்தது: கீழே விழுந்தவர்களும் எலும்பு முறிந்தவர்களும் அதிகம். 2016-இல் சூரிச்சில், முன்பே ஒருமுறை விழுந்த 70 வயது தாண்டிய 200 பேர். மாதம் 60,000 யூனிட் எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் ஒரு வருஷத்துக்குள் மறுபடி விழுந்தார்கள். 24,000 எடுத்தவர்களில் பாதிக்கும் குறைவு.

திருநாவலூரில் என் பெரியக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். பத்து வருஷ முழங்கால் வலி. ரத்தப் பரிசோதனை ஏதுமில்லாமல் பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டு, மெடிக்கலில் அந்தப் பவுடரை வாங்கி எட்டு மாதம் குடித்தார்கள். போன மாசம் கொல்லைப்படியில் விழுந்து மணிக்கட்டு முறிவு. பவுடரால் விழுந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பவுடர் காப்பாற்றவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஊன்றுகோல் பிடிக்கச் சொன்னால் கௌரவக் குறைச்சல் என்கிறார்கள். நம் ஊர் சுந்தரரே திருவெண்பாக்கத்தில் இறைவனிடம் ஊன்றுகோல் வாங்கி நடந்தவர்தான், அக்கா!

குறைவு உறுதியானவர்களுக்கு டாக்டர் அந்தப் பவுடரைச் சில வாரங்களுக்குக் கொடுப்பதுண்டு, அது வேறு விஷயம். வாங்கும் முன் ரத்தத்தில் '25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி' பாருங்கள். 20-க்குக் கீழே இருந்தால் எவ்வளவு, எத்தனை வாரம், எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.