கணையத்தில் விளைந்த கல்

பீர்மேடு, தேவிகுளம் மலைத்தோட்டங்களில் குடியேறிய தமிழர்க்கும் பாலக்காட்டு எல்லைச் சிற்றூர்க்காரர்க்கும் மரவள்ளிக் கிழங்கு புதிதன்று. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் பயிரை ஊக்குவித்தார். ஏழையின் பசி தீர்த்த அக்கிழங்கின்மீது பின்னாளில் ஒரு பழி விழுந்தது.

1959-இல் இந்தோனேசியாவில் ஜூய்டிமா என்பார், ஊட்டமற்ற ஏழைகளின் கணையத்தில் சுண்ணக்கற்கள் கண்டதை எழுதினார். கேரளத்திலோ மருத்துவர் கீவர்கீஸ் இத்தகைய நோயாளரைத் திரள்திரளாகக் கண்டார். சிறு வயதில் வயிற்றுவலி, இளமையில் நீரிழிவு, கணையம் நிறையக் கற்கள். மதுவருந்தும் வழக்கமோ இல்லை. அவரது நூல் 1968-இல் வெளிவந்தது. கிழங்கிலுள்ள சயனைடு நஞ்சே காரணமென்று அவரும் பிறரும் கருதினர். ஆனால் மரவள்ளி உண்ணாதவரிடமும் நோய் கண்டது. 2002-இல் ஸ்பிங்க்-1 என்னும் மரபணுவின் மாறுதல் இந்திய நோயாளர் பலரிடம் காணப்பட்டது. கிழங்கின்மீதான வழக்கு மெலிந்தது என்றே நான் சொல்வேன்.

கல்லோடு நின்றிருந்தால் கவலை குறைவு. 1992-இல் அகஸ்டின், ரமேஷ் இருவரும் கேரள நோயாளர் 266 பேரில் 22 பேருக்குக் கணையப் புற்று இருந்ததைத் தெரிவித்தனர். 1994-இல் சென்னை நோயாளர் 185 பேரைப் பற்றிய ஆய்வு, மற்றவரைவிட இவர்க்கு அபாயம் ஏறத்தாழ நூறு மடங்கு என்றது.

கல் எங்ஙனம் புற்றாகும்? நீடித்த அழற்சியில், செரிமான நீர் சுரக்கும் அணுக்கள் தம் தொழிலை விட்டு நாள அணுக்களின் உருவத்தை மேற்கொள்கின்றன. தொழிலைக் காக்கும் பி.டி.எஃப்.-1ஏ தளர்கிறது; சாக்ஸ்-9 ஓங்குகிறது. இவை மரபணுவை எப்போது படியெடுப்பது என்று ஆணையிடும் புரதங்கள். படியெடுப்புக் காரணிகள் எனலாம். (அணுவுக்குள் படியெடுத்தலுக்குப் பின் நிகழ்வதை விஞ்ஞானிகள் மொழிபெயர்ப்பு என்றே அழைக்கிறார்கள்! எங்கள் தொழில் அங்கும் உண்டு.)

அழற்சி தணிந்தால் அணு பழைய நிலைக்குத் திரும்பலாம். அச்சமயம் கே-ராஸ் மரபணு பழுதுற்றிருந்தால் திரும்பும் வழி அடைபடுகிறது. வெளியிலிருந்து வளர்ச்சிச் செய்தி வரும்போது மட்டும் திறந்து மூட வேண்டிய கதவு அது. பழுதுற்றபின் திறந்தே கிடக்கிறது. செய்தி அணுவின் கருவரை ஓயாது சென்று, மிக் போன்ற காரணிகளைத் தூண்டிப் பெருக்கத்தை முடுக்குகிறது. கணையப் புற்றில் பெரும்பாலானவற்றில் இப்பழுது உண்டென்பது 1988-இல் தெரிந்தது. தடைபோடும் ஸ்மாட்-4, ஏறத்தாழ பாதிப் புற்றுகளில் அழிந்துபோவது 1996-இல் வெளிப்பட்டது.

கல் உள்ளவர்க்கு நெடுநாள் அடங்கிய வலி மீண்டும் தலைகாட்டினாலோ, காமாலை கண்டாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, மருத்துவர்கள் புற்று உண்டா என்றே தேடுகிறார்கள்.