நீரின் தூய்மையும் தொழிலாளியின் தேகநலமும்

லண்டனுக்குத் தெற்கேயுள்ள கிராய்டன் நகரில் 1937-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் பரவி, 341 பேரைப் பீடித்து 43 உயிர்களைக் கொள்ளைகொண்ட டைபாய்டு விஷஜுரம், குடிநீர் நிர்வாகத்தில் ஈடுபட்டோர் ஒவ்வொருவரும் ஆராய்ந்து பார்க்கவேண்டிய சம்பவமாகும். அடிங்டன் என்னுமிடத்துக் கிணற்றில் பழுதுபார்க்கும் வேலை நடந்த காலத்தில், அதன் நீர் வடிகட்டப்படாமலும் போதிய குளோரின் சேர்க்கப்படாமலும் நகரத்தாருக்கு வழங்கப்பட்டது. கிணற்றுக்குள் இறங்கிய தொழிலாளருள் ஒருவரோ, அந்நோயின் கிருமிகளைத் தம் தேகத்தில் தாங்கியிருந்தவர். பின்னர் நடந்த பகிரங்க விசாரணை, இவ்விரண்டும் ஒருங்கே நேர்ந்ததையே முக்கிய காரணமாகக் கண்டதோடு, பொறுப்பதிகாரிகளிடையே தகவல் பரிமாற்றம் இல்லாதிருந்ததையும் கண்டித்தது.

நீரைச் சோதித்தால் போதாதோ, மனிதரை எதற்குச் சோதிப்பது என்று ஆட்சேபிப்பவர் உண்டு. கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவு தெரிய ஒரு நாளேனும் செல்லும். அதற்குள் அந்நீரை ஊரார் குடித்து முடித்திருப்பர். ஆகையால் தொழிலாளியின் தேகநலம் தருமசிந்தையால் தனியே கவனிக்கப்படுவதொன்றன்று. நீரின் தூய்மைக்கு அதுவே முதற்காவல் என்பது என் துணிபு. ஆயினும் கிருமி தாங்கியவர் என்று கண்டறியப்பட்டவரை வேலையினின்று நீக்கிவிடுவது அநீதி மட்டுமன்று, அபாயமுமாகும். ஊதியம் குறையாத வேறு வேலை அவருக்கு உறுதியாகாவிடில், அடுத்தவர் தம் நோயை மறைக்கவே செய்வார்.

கம்போஸ்ட் எருத் தயாரிப்பிலும் இதே உண்மை வேறுருவில் காணப்படுகிறது. ஆல்பர்ட் ஹோவார்டு இந்தூரில் உருவாக்கிய முறையில், குவியலைப் பன்முறை புரட்டுவதால் காற்றுப் புகுந்து வெப்பம் மிகுகிறது. 55 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் அது சில நாட்கள் நிலைத்தால் நோய்க்கிருமிகளும் குடற்புழுக்களின் முட்டைகளும் பெரும்பாலும் அழிகின்றன. ஆனால் மலம் கலந்த குவியலை முதன்முதலில், அது இன்னும் பக்குவமடையாத நிலையில், புரட்டுபவர் யார்? வெறுங்காலுடன் நிற்கும் துப்புரவுத் தொழிலாளி. கொக்கிப் புழுவின் நுண்புழுக்கள் பாதத் தோலையே துளைத்து உட்புகுவன. சி. என். ஆச்சார்யா பெங்களூரில் வகுத்த முறையிலோ, குப்பையையும் மலத்தையும் குழியில் அடுக்கடுக்காக இட்டு, மேலே சேறு பூசி, மாதக்கணக்கில் புரட்டாமல் விடுகிறார்கள். இதனால் ஆட்செலவு குறைவதை வியப்போர் பலர். மனிதக் கை அசுத்தத்தைத் தீண்டாதிருப்பதையே நான் பெருநன்மையாகக் கருதுகிறேன். குழியை அவசரப்பட்டுத் திறந்தால் அந்நன்மை கெடும். உலர்ந்த எருவைச் சல்லடையில் சலிக்கும்போது எழும் தூசியில் பூஞ்சை வித்துக்கள் நிறைந்திருப்பதால், எருவைச் சற்றே ஈரப்படுத்திச் சலிப்பதும் முகத்திரை அணிவதும் இன்றியமையாதன. குழி கசிந்தாலோ அதன் சாறு அருகிலுள்ள கிணற்றையே சென்றடையும். எருக்கிடங்கும் குடிநீர் நிலையமும் ஒரே சுகாதார அதிகாரியின் பார்வையில் இருக்கவேண்டுவது இதனாலேயே.

ஆதலின் நகரசபைகள், கிணற்றிலும் வடிகட்டும் தொட்டியிலும் எருக்குழியிலும் இறங்குவோர் ஒவ்வொருவருக்கும், காண்டிராக்டரின் தினக்கூலிகள் உட்பட, மருத்துவப் பரிசோதனையும், பாதரட்சையும், பணியிடத்தில் கழிப்பிடமும், கைகழுவச் சோப்பும் நீரும் அளித்து, அதன் பின்னரே அவர்களை வேலைக்கு இறக்க வேண்டும்.