வெல்லுதலும் மிஞ்சுதலும்



நல்லூரில் நான் பள்ளி மாணவனாக இருந்த காலத்தில், எங்கள் ஆங்கில ஆசிரியர் ஒருநாள் கரும்பலகையில் ஆறு வினைச்சொற்களை எழுதினார். கொங்கர், டிபீற், பீற், வின், எக்செல், சர்பாஸ். ஒவ்வொன்றுக்கும் தமிழ் எழுதித் தரும்படி கேட்டார். நான் ஆறுக்கும் ‘வெல்லுதல்’ என்று ஒரே சொல்லை எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் கோபிக்கவில்லை. “தம்பி, இந்த ஆறு பேரும் ஒரே ஆள் இல்லை” என்றார். அவ்வளவுதான்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. பிற்காலத்தில் அச்சொற்களின் பிறப்பைத் தேடிப் படித்தபோது, எங்கள் ஊரின் கதையையும் அவற்றினூடாகவே படிக்கலாம் போலத் தோன்றிற்று.

‘கொங்கர்’ என்ற சொல் இலத்தீனிலே தேடுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. தேடிக் கைப்பற்றுபவனே வெற்றியாளன். 1560 இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ டி பிரகன்சா அப்படித்தான் நல்லூருக்கு வந்தார். தலைநகரைப் பிடித்தார். ஆனால் மக்கள் கிளர்ந்தெழவே நல்லூரில் நிலைக்க முடியாமல், மன்னாரைக் கைக்கொண்டு திரும்பினார். தேடியது கிடைத்தது, கிடைத்தது தங்கவில்லை.

‘டிபீற்’ என்பதன் பழம்பொருள் இன்னும் கொடியது. செய்ததைச் செய்யாததாக்குதல், அதாவது குலைத்தல். 1619 இல் பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினான். சிறைப்பட்ட சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். 1621 இல் ஒலிவேரா நல்லூருக்கு வந்து கந்தசுவாமி கோயிலை இடித்தான். அரசனை வென்றது போதவில்லை. அரசு இருந்த அடையாளத்தையும் குலைக்க வேண்டியிருந்தது. ‘பீற்’ என்பதற்கு விளக்கமே வேண்டாம். அடி என்பதே அதன் பொருள்.

மற்ற மூன்றும் வேறு இனம். ‘வின்’ என்பது பழைய ஆங்கிலத்திற் பாடுபடுதலையே குறித்தது. ‘எக்செல்’ உயர்ந்து நிற்பது. ‘சர்பாஸ்’ கடந்து செல்வது. இவற்றுக்கு எவனும் விழுந்து கிடக்க வேண்டியதில்லை.

தமிழிலும் இந்தப் பிரிவு உண்டு. புறங்காணுதல் என்கிறோம், பகைவன் முதுகு தெரிய ஓடவேண்டும். மண்கவ்வச் செய்தல் என்கிறோம். அவன் முகம் நிலத்திற் படவேண்டும். வெல்லுதலுக்குத் தோற்றவன் ஒருவன் தேவை. ஆனால் முந்துதல், மேம்படுதல், விஞ்சுதல், மிஞ்சுதல் என்னும் சொற்களில் மற்றவனும் நிமிர்ந்தே நிற்கிறான். இவன் அவனுக்கு அப்பால் நிற்கிறான்.

இதற்கு நல்லூர் தரும் உதாரணம் ஆறுமுக நாவலர். 1822 இல் இவ்வூரிற் பிறந்தவர். கிறிஸ்தவப் பாடசாலையிற் படித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்குத் துணைநின்றவர். பின்னர் பாதிரிமாரைக் கண்டித்து எழுதிய பிரசுரங்களின் சூடு நாமறிந்ததே. ஆயினும் அவர் செய்த பெரிய காரியம் கண்டனமன்று. எதிராளியின் கையில் இருந்த பாடசாலையையும் அச்சுக்கூடத்தையும் பிரசங்கத்தையும் தாமும் கைக்கொண்டார். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் போனார். மிசன் பாடசாலைகளும் தேவாலயங்களும் விழுந்துவிடவில்லை, இன்றும் நிற்கின்றன. ஆனால் தமிழ் உரைநடை என்றவுடன் அன்றுதொட்டு நாவலர் பெயரே முன்னிற்கிறது. இது வென்றதன்று, விஞ்சியது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1818 இல் இலங்கைக்கு வந்து நல்லூரில் ஊழியம் புரிந்த ஜோசப் நைற் பாதிரியார், ஆன்மாக்களை வெல்ல வந்தவர். வந்த இடத்திலே தமிழ்ச் சொற்களைத் திரட்டத் தொடங்கினார். வேலை முடியுமுன் 1840 இல் காலமானார். அந்தத் திரட்டு பலர் கைமாறி வளர்ந்து, 1862 இல் சென்னையில் வின்சுலோவின் அகராதியாக வெளிவந்தது. அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள்! பின்னாளில் இதே நல்லூரில் வாழ்ந்த கத்தோலிக்கத் துறவி சுவாமி ஞானப்பிரகாசர், தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடி 1938 முதல் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். வெல்ல வந்த சமயத்தின் துறவிகளைத் தமிழ் தன் வேலைக்கு வைத்துக்கொண்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி, நான் சொல்ல வந்த சொல்லுக்கு வருகிறேன். மிஞ்சுதல் என்பதற்கு இரண்டு பொருள். மேற்செல்லுதல் ஒன்று, எஞ்சியிருத்தல் மற்றொன்று. எங்கள் ஆச்சி இரவிற் சட்டியைப் பார்த்து, “சோறு மிஞ்சிப் போச்சு, தண்ணி ஊத்தி வை பிள்ளை” என்பா. சிறுவயதில் அது எனக்கு அடுப்படிச் சொல்.

1995 அக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்து மக்களோடு மக்களாக நாங்களும் தென்மராட்சி நோக்கி நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது, சந்தியிலும் கோயில் வீதியிலும் ஒருவரை ஒருவர் கண்டவுடன் கேட்ட முதற் கேள்வி, “யார் வென்றது?” என்பதன்று. “உங்கட வீட்டில என்ன மிஞ்சிச்சுது?” என்பதே. ஒருவர் கதவு நிலை என்றார். ஒருவர் கிணறு என்றார். ஓர் அம்மா, “நாங்கள்தான்” என்றா.

அன்றுதான் என் ஆசிரியரின் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. நல்லூரை வென்றவர்கள் பலர். போர்த்துக்கேயர் போனார்கள், ஒல்லாந்தர் போனார்கள், ஆங்கிலேயரும் போனார்கள். இடித்த கோயில் ஒல்லாந்தர் காலத்திலேயே வேறோரிடத்தில் மீண்டும் எழுந்தது. யமுனா ஏரியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. ஆங்கிலத்தில் மேற்செல்வதற்கு ஒரு சொல், எஞ்சி நிற்பதற்கு வேறொரு சொல். தமிழோ இரண்டையும் ஒரு சொல்லில் வைத்திருக்கிறது. தோற்ற ஊருக்கு அது பெரிய ஆறுதல், நேயர்களே.