மேடைப் பெண்ணும் மகாராஜா மாப்பிள்ளையும்

மைசூருக்கு மாற்றலாகி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு அரண்மனைதான். போன வாரம் லலித மகால். வைஸ்ராய் வந்தால் தங்குவதற்காகக் கட்டியது என்றேன். "வெள்ளைக்காரங்க விருந்தாளியா வரலாம் சரி, மருமகளா வரலாமா?" என்று கேட்டார் தங்கமணி.

வந்திருக்கிறார்கள். 1906ல் ஸ்பெயின் அரசர் கல்யாணத்துக்கு மாட்ரிட் போன கபுர்தலா மகாராஜா ஜகத்ஜித் சிங், குர்சால் அரங்கில் சகோதரியோடு ஆடிய அனிதா டெல்காடோவைப் பார்த்து மயங்கினார். 1908ல் கபுர்தலாவில் சீக்கிய முறைப்படி கல்யாணம். நாடகமாக இருந்தால் இங்கே சுபம் போட்டுவிடலாம். ஆனால் ஆங்கில அரசு அவரை மகாராணியாக ஏற்கவில்லை. 1925ல் தம்பதி பிரிந்தார்கள்.

மேடையில் ஆடியவர் என்பதாலா? 1901ல் லண்டன் கெயட்டி தியேட்டர் நடிகை ரோசி பூட், ஹெட்ஃபோர்ட் பிரபுவை மணந்தார். பலர் முகம் சுளித்தார்கள், பட்டம் கிடைத்தது.

நம்ம புதுக்கோட்டையைப் பாருங்கள். மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915ல் ஆஸ்திரேலியாவின் மோலி ஃபிங்கை மணந்தார். மோலி மேடை ஏறியவர் அல்ல. இருந்தும் அங்கீகாரம் இல்லை. 1928ல் ராஜா இறந்தபோது மகனுக்கு அரியணையும் இல்லை.

ஆக, உறுத்தியது மேடை மட்டுமல்ல, மாப்பிள்ளையின் நிறமும்தான். எங்கள் வங்கி பாஷையில் சொன்னால், செக் சரி, கையெழுத்தும் சரி. பாஸ் பண்ண வேண்டியவருக்குத்தான் மனசில்லை.