தருமமும் உரிமையும்: இலங்கையின் விசேட கல்வி வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

1

கல்வி வரலாற்றை ஆராய்வோர் பாடசாலைகளின் தொகை, மாணவர் வரவு, சட்டங்கள், போதனாமொழி என்பனவற்றையே பெரிதும் சான்றாகக் கொள்வர். அக்கணக்குகளின் விளிம்பிலேயே நிறுத்தப்பட்டு வந்தோர் விழிப்புலனோ செவிப்புலனோ அற்ற பிள்ளைகள். அவர்தம் கல்வியின் வரலாறு, தொண்டு செய்தோரின் வாழ்க்கை வரலாறாகவும் இரக்கம் வளர்ந்த கதையாகவுமே சொல்லப்பட்டுள்ளது. அவ்விரக்கம் பொய்யன்று, ஆயின் வரலாற்றின் இயக்கத்தை விளக்க அது மட்டும் போதாது. பாடசாலை தன்னை மாற்றிக்கொண்டபோது இப்பிள்ளைகள் கற்றனர்; பிள்ளையே மாறவேண்டும் எனப் பாடசாலை எதிர்பார்த்தபோது அவர்கள் பின்தள்ளப்பட்டனர். இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரில் வலன்ரீன் ஹாவுய் என்பார் விழிப்புலனற்றோர்க்கெனப் பாடசாலை அமைத்தார். அங்கு பயன்பட்டவை பார்வையுடையோரின் உரோம எழுத்துக்களைத் தாளில் புடைக்கச் செய்து அச்சிட்ட நூல்கள். கண்ணுக்கென வகுக்கப்பட்ட எழுத்து விரலுக்கு இசையவில்லை. மாணவர் மெல்ல வாசித்தனரேயன்றித் தாமாக எழுத இயலவில்லை. அப்பாடசாலையின் மாணவரான லூயி பிரெயில் 1824இல், தம் பதினைந்தாம் வயதில், ஆறு புள்ளிகளைக் கொண்ட எழுத்துமுறையை வகுத்து, 1829இல் வெளியிட்டார். அது விரலின் இயல்பிலிருந்து பிறந்த எழுத்து. எனினும் 1840களில் அப்பாடசாலையிலேயே அது சிலகாலம் தடுக்கப்பட்டது. பார்வையுடையோர் வாசிக்கவியலாத எழுத்தை அவர்கள் ஏற்கத் தயங்கினர். 1854இலேயே பிரான்சில் அதற்கு அதிகாரபூர்வ ஏற்பு வழங்கப்பட்டது.

செவிப்புலனற்றோர் கல்வியில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. பாரிஸில் லெப்பே பாதிரியார் தொடங்கிய சைகைமொழிக் கல்வி ஐரோப்பாவில் வேரூன்றியிருந்த வேளையில், 1880ஆம் ஆண்டு மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு வாய்மொழிப் பயிற்சியே உயர்ந்தது எனத் தீர்மானித்தது. வாக்களித்தோருள் செவிப்புலனற்றவர் ஒருவரே. அத்தீர்மானத்தின் பின்னர்ப் பல நாடுகளிலும் வகுப்பறையிலிருந்து சைகைமொழி வெளியேற்றப்பட்டது. பாடப்பொருளைக் கற்கவேண்டிய காலம் உதடசைவைப் பயில்வதிற் கழிந்தது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு மரபினர் அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தனர். அதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

3

தென்னாசியாவில் இக்கல்விக்கு வித்திட்டோர் மிஷனரிப் பெண்மணிகள். 1887இல் அமிர்தசரஸிலும், 1890இல் பாளையங்கோட்டையிலும் விழிப்புலனற்றோர் பாடசாலைகள் தோன்றின. இலங்கையில் 1912ஆம் ஆண்டு மேரி சப்மன் அம்மையார் நிறுவிய பாடசாலையே இத்துறையின் தொடக்கம். இரத்மலானையில் நிலைபெற்ற அது செவிப்புலனற்றோர்க்கும் விழிப்புலனற்றோர்க்கும் பொதுவாயிருந்தது. குடியேற்றவாத அரசு தான் ஏற்கவேண்டிய பொறுப்பைத் தொண்டு நிறுவனத்திடம் விட்டு, உதவியளிப்பதோடு அமைந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து இரத்மலானை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. வடபகுதிப் பிள்ளை கற்பதற்குத் தன் வீட்டையும் தன் மொழிச் சூழலையும் விட்டு நீங்கவேண்டியிருந்தது. 1956இல் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை அமைந்தமை இந்நிலையை மாற்றிய நிகழ்ச்சியாகும். அரசகரும மொழிச் சட்டம் நிறைவேறிய ஆண்டும் அதுவே. தமிழ்ப் பிள்ளை தன் மண்ணில், தன் மொழியில் கற்கும் வாய்ப்பின் பெறுமதி அச்சூழலிலேயே நன்கு விளங்கும்.

மொழி பற்றிய இவ்வினா எழுத்துக்கும் உரியது. இந்தியாவில் மிஷன் பாடசாலைகள் தத்தமக்கெனப் புள்ளியெழுத்து முறைகளை வகுத்திருந்தமையால் ஓரிடத்து நூல் பிறிதோரிடத்துப் பயன்படவில்லை. 1951 அளவில், யுனெஸ்கோவின் முயற்சியையொட்டி, இந்திய மொழிகளுக்குப் பொதுவான ஒரு முறை உருவாயிற்று. தமிழில் கண்ணுக்குரிய ‘கொ’ என்னும் எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கும். புள்ளியெழுத்திலோ முதலில் ககரமும் அடுத்து ஒகரமும் வரிசையாக வரும். செவி கேட்கும் ஒழுங்கே விரல் தொடும் ஒழுங்கு. சிங்களப் புள்ளியெழுத்தும் இம்முறையோடு பெரிதும் ஒத்தது. கண்ணுக்கு வேறுபட்டுத் தோன்றும் இரு மொழிகளின் ககரமும் விரலுக்கு ஒன்றே என்பது சிந்திக்கத்தக்கது.

4

1945 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இந்நாட்டு உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வாயிலைத் திறந்தது. 1960ஆம் ஆண்டின் சட்டம் உதவிபெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசின்கீழ்க் கொணர்ந்தது. ஆயின் விசேட பாடசாலைகள் தொண்டு நிறுவனங்களின் முகாமையிலேயே தொடர்ந்தன; அரசு மானியம் வழங்கிற்று. பொதுப் பிள்ளைக்குக் கல்வி உரிமையாகிய காலத்தில், இப்பிள்ளைகளுக்கு அது பாதி உரிமையாகவும் பாதித் தருமமாகவும் நின்றது. இம்முரண்பாடு ஈண்டு நம் கவனத்துக்குரியது.

1960களின் இறுதியிலிருந்து விழிப்புலனற்ற மாணவரைச் சாதாரண பாடசாலைகளில் இணைக்கும் திட்டம் தொடங்கியது. காலப்போக்கில் விசேட கல்வி அலகுகளும் பெருகின. 1994இல் சலமன்காவில் 92 அரசுகள் கூடி, எல்லாப் பிள்ளைகளையும் ஏற்கும் பாடசாலை என்ற கொள்கையை வெளியிட்டன. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோர் என்ற காரணத்தால் கல்வி நிறுவன அனுமதியில் பாரபட்சம் காட்டலாகாது என விதித்தது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2007இல் ஒப்பமிட்டு 2016இல் ஏற்புறுதி செய்தது. இடைப்பட்ட காலத்தில் நீண்ட போர் புதிதாகப் பல பிள்ளைகளின் பார்வையையும் செவியையும் அவயவங்களையும் பறித்தது.

5

சட்டம் தரும் அனுமதி பாடசாலையின் வாயில் வரையிலானது. வகுப்பறையில் அமர்த்தப்பட்ட விழிப்புலனற்ற மாணவிக்குப் பாடநூல் புள்ளியெழுத்தில் உரிய தவணையிற் கிடைக்காவிடின், கணித, விஞ்ஞான வரைபடங்கள் தொடுபடங்களாக அமையாவிடின், அவள் கேட்போராக மட்டுமே இருப்பாள். சைகைமொழி அறியாத ஆசிரியர்முன் செவிப்புலனற்ற மாணவன் மிலான் மாநாட்டின் தண்டனையையே இன்றும் அனுபவிக்கின்றான். விசேட அலகு பாடசாலையின் ஒதுக்குப்புற அறையாகி, அதற்குரிய ஒரேயொரு ஆசிரியர் இடமாற்றம் பெற்றதும் மூடப்படுமாயின், அது உட்படுத்தல் கல்வி ஆகாது.

எனவே சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து முன்னேற்றத்தை அளவிடுதல் போதாது. அப்பிள்ளைகளின்பொருட்டுப் பாடசாலை எதனை மாற்றியது என்பதே கேட்கப்படவேண்டிய வினா. தமிழ்மொழி மூல ஆசிரியர் பயிற்சி, புள்ளியெழுத்து நூலாக்கம், சைகைமொழி அறிந்த ஆசிரியர் என்பன அவ்வினாவுக்கான விடைகள். இவற்றை வகுக்கும் சபைகளில் வலுவிழந்தோரே அமர்தல் வேண்டும். ஆறு புள்ளிகளைக் கண்டறிந்தவர் ஒரு மாணவர். அவருடைய நூற்றாண்டின் பிற்பகுதியில் சைகையைத் தடைசெய்தவர்களோ வல்லுநர்கள். இதனை மறவாதிருத்தல் கல்வித் திட்டம் வகுப்போரின் கடனாகும்.