மரோட்டி எண்ணெயும் மரத்துப்போன காலும்

கொச்சியை 1663இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர்களின் நினைவாக மட்டாஞ்சேரியில் எல்லோரும் பார்ப்பது அரண்மனையைத்தான். போர்ச்சுகீசியர் கட்டி, டச்சுக்காரர் பழுதுபார்த்த மாளிகை அது. வைப்பின் தீவின் வடகோடியில், பள்ளிப்புரத்தில், 1728இல் அவர்கள் தொடங்கிய தொழுநோயாளர் விடுதியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நரம்புச் சிதைவை இந்தக் கடற்கரை எப்படிப் புரிந்துகொண்டது, எங்கே தவறவிட்டது என்பதற்கு அரண்மனையைவிட அந்த விடுதிதான் நல்ல சாட்சி. தொழுநோயைத் தோலின் நோய், சதை அழுகும் நோய் என்றே எல்லோரும் கருதினார்கள். உண்மையில் அது முதலில் நரம்பைத் தாக்கும் நோய். அந்தப் பிழையால் விரலையும் பாதத்தையும் இழந்தவர்கள் ஏராளம் என்பது என் முடிவு.

மருந்தைத் தேடும் முயற்சியில் கொச்சி பின்தங்கியிருக்கவில்லை. டச்சுத் தளபதி வான் ரீட் 1670களில் இங்கிருந்து தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், கொங்கணி பிராமணர்களான ரங்க பட்டு, விநாயக பண்டிதர், அப்பு பட்டு ஆகியோரும் அதற்குத் துணைநின்றார்கள். மரோட்டி மரமும் அந்த நூலில் இடம்பெற்றது. தமிழ் வைத்தியர்கள் நீரடிமுத்து என்று சொல்வதும் இந்த இனத்தைத்தான். மலையாள வீடுகளில் விளக்கெரித்த அதன் எண்ணெய், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகெங்கும் தொழுநோயாளருக்கு ஊசியாகப் போனது. சிலருக்குத் தோலின் படைகள் மங்கின. ஆனால் உணர்விழந்த கை உணர்வு பெறவில்லை. தோலைப் பார்த்தே குணத்தை அளந்த காலத்தில் அந்தத் தோல்வி கண்ணில் படவில்லை.

மரத்துப்போவது பழைய வைத்தியர்களுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். தொடுவுணர்வு அற்றுப்போவதை சுஸ்ருத சம்ஹிதையே குஷ்டத்தின் குறிகளில் சேர்க்கிறது. ஆனால் நோயின் பல அடையாளங்களில் ஒன்றாக அதைக் கண்டதற்கும், அதுவே புண்ணுக்குக் காரணம் என்று கண்டதற்கும் நெடுந்தூரம். நார்வேயில் ஹான்சன் 1873இல் கிருமியைக் கண்டார். உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்பும் அந்தக் கிருமி, நரம்பு இழையைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களுக்குள் புகுந்து தங்கும். முழங்கையின் உட்புறத்திலும் முழங்காலின் வெளிப்புறத்திலும் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள் அதனால்தான் முதலில் பாதிக்கப்படுகின்றன. கிருமியை எதிர்த்து உடலே எழுப்பும் வீக்கம், இடுக்கான பாதையில் நரம்பை நெரிக்கும். அந்த வீக்கத்தைச் சில மாதங்களுக்குள் ஸ்டீராய்டு மருந்தால் தணித்தால் நரம்பு பல நேரம் பிழைக்கும். தாமதித்தால் மீளாது. உறை சிதையாத நரம்புகூட நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் பணிபுரிந்த பால் பிராண்ட்தான் மிச்சத்தை விளக்கினார். நோயாளியின் விரல் தானாக அழுகி உதிர்வதில்லை. சூடான பாத்திரத்தைப் பிடித்தும், காலில் ஏறிய ஆணியோடு நடந்தும், வலியே இல்லாததால் காயத்தை நாளெல்லாம் மிதித்துத் தேய்த்தும் இழக்கிறார். பாதத்துக்கு மாவுக்கட்டு போட்டுப் புண்ணுக்கு ஓய்வு கொடுத்தபோது அதே சதை மற்றவர் சதையைப் போலவே ஆறியது. மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றிப் பொருத்தும் அறுவையால் நிமிர்த்தினார்.

தொற்றை அஞ்சிய காலத்தில் ஒதுக்கிவைக்காமல் வேறென்ன செய்திருக்க முடியும் என்ற கேள்வி நியாயமானது. கிருமி கொல்லும் மருந்தில்லாதபோது டச்சுக்காரர் தங்க இடம் கொடுத்ததையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஒதுக்கலுக்கு ஒரு விலை இருந்தது. விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் முதல் தேமலை மறைத்தவர், நரம்பைக் காப்பாற்றக்கூடிய அந்த மாதங்களை இழந்தார். 1940களில் டாப்சோனும், 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தும் வந்த பிறகும் அந்தப் பயம் உடனே கலையவில்லை. மணவிலக்குக்குத் தொழுநோயைக் காரணமாகக் காட்டலாம் என்ற விதியை இந்தியச் சட்டம் 2019இல்தான் நீக்கியது.

பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீங்கியதாக நாடு 2005இன் இறுதியில் அறிவித்தபின் இந்தப் பழங்கதை எதற்கு என்பவர்கள், கொச்சியின் எந்த நீரிழிவுச் சிகிச்சைக் கூடத்திலும் பாதத்தில் நைலான் இழையை அழுத்திப் பார்க்கும் செவிலியரை நினைத்துப் பார்க்க வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் அந்த இழையைப் பாதச் சோதனைக்கு நிலைநாட்டியது அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனை. 1966இல் பிராண்ட் வேலூரிலிருந்து போய்ச் சேர்ந்த இடம் அது. சர்க்கரை அரித்த நரம்புக்கும் கிருமி அரித்த நரம்புக்கும் காரணம் வேறு. உணர்வற்ற பாதத்துக்கு வரும் ஆபத்து ஒன்றே. செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுப் பார்க்கவும், தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்கவும் இன்று நீரிழிவுக்காரருக்குச் சொல்லித்தருகிறார்கள். இதை அன்று பள்ளிப்புரத்து விடுதியில் இருந்தவர்களுக்குச் சொல்ல யாருமில்லை.